ரப்பர் ஃபின்னுக்குக் கரையில்தான் ஆபத்து

கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டவும், புரொப்பல்லரில் சிக்கிய வலையை அறுக்கவும் துறைமுகங்களில் முக்குளிப்பவர்கள் இறங்குவது வழக்கம். அவர்கள் காலில் மாட்டும் ரப்பர் ஃபின் வெடித்துப்போனால் பழி உப்புத் தண்ணீர் மேல் விழும். அநியாயமான பழி. 42 ஆண்டுகள் கடலடியில் கிடந்த இயற்கை ரப்பரை ஆராய்ந்து 1986இல் ஒரு கட்டுரை வந்தது. அந்த ரப்பர் பெரிதாகக் கெட்டிருக்கவில்லை.

பழைய ஃபின்னின் குதிகால் பட்டையை வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால், அவை இழுவைக்குக் குறுக்காகவே ஓடும். அது ஓசோனின் வேலை. ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்தால் ஒன்றோடொன்று பிணைத்தார். பிணைத்த பிறகும் அவற்றில் இரட்டைப் பிணைப்புகள் ஏராளமாக மிஞ்சும். ஓசோன் அங்கேதான் வெட்டும். காற்றில் பத்துக் கோடியில் சில பங்கு ஓசோன் இருந்தாலே போதும். ஆனால் ரப்பர் இழுபட்டிருக்க வேண்டும். தளர்ந்து கிடந்தால் வெட்டு மேற்பரப்போடு நின்றுவிடும். இழுபட்டிருந்தால் வெட்டு வாய் பிளந்து, உள்ளிருக்கும் புது ரப்பரையும் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கும். பட்டையை ஆணியில் மாட்டித் தொங்கவிட்ட ஃபின், கடலையே பார்க்காமல் கிழிவது இப்படித்தான்.

துறைமுகங்கள் உள்ள வடசென்னையில் ஓசோனுக்கு மூலப்பொருள் பஞ்சமே இல்லை. எண்ணூர் பக்கத்துக் கன்டெய்னர் லாரிகளும் அனல்மின் நிலையங்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளைத் தருகின்றன. மணலி ஆலைகள் ஹைட்ரோகார்பன் ஆவியைத் தருகின்றன. மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், லாரிப் புகைக்கு வெகு அருகில் ஓசோன் குறைவு. புதுப் புகையின் நைட்ரிக் ஆக்சைடு அதைத் தின்றுவிடுகிறது. காற்றோடு கொஞ்சம் தள்ளிப்போன பிறகே, மதியத்தை ஒட்டி, அது ஏறும். வெல்டிங் பட்டறைக்குள் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது; தீப்பொறி பறக்கும்போதே ஓசோன் பிறக்கிறது.

1946இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது டயர் நிறுவனமான எம்.ஆர்.எஃப். பலூனுக்கு அற்பாயுள், கவலையில்லை. டயர் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். அதனால் டயர் ரப்பரில் பொதுவாக மெழுகும் 6பிபிடி என்ற வேதிப்பொருளும் கலக்கிறார்கள். மெழுகு மெல்லக் கசிந்து மேலே வெள்ளைப் படலமாகப் படியும். ஃபின்னிலும் அப்படிப் படியும் மெழுகைப் பூஞ்சை என்று எண்ணித் தேய்த்துக் கழுவுபவர்கள் காவல்காரனையே விரட்டிவிடுகிறார்கள். 6பிபிடியும் அப்பாவி இல்லை. ஓசோனோடு சேர்ந்து அது மாறும் பொருள், அமெரிக்க ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்வதை 2020இல் கண்டுபிடித்தார்கள்.

எண்ணெய் வேறு வகைத் தொல்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்திலும் பரவிய எண்ணெய் போன்றது பட்டால் இயற்கை ரப்பர் ஊறி உப்பும், வலுவிழக்கும். உடனே சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். டீசலால் துடைப்பது இன்னும் கேடு.

பட்டை மட்டும் வெடித்திருந்தால் பட்டையை மாற்றினால் போதும். பாதப் பையும் துடுப்பும் சேருமிடத்தில் வெடிப்பு இருந்தாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ ஃபின்னையே மாற்றுங்கள். அறுந்த சங்கிலியைப் பசை ஒட்டாது. புதுப் பட்டை வாங்குபவர்களுக்கு எஃகுச் சுருள்வில் பட்டையைத்தான் சொல்வேன். அதை ஓசோன் ஒன்றும் செய்யாது. உப்பு துருவாக்கும் என்பதால், அதை மட்டும் நல்ல தண்ணீரில் அலசி வைக்க வேண்டும்.