தடுப்பூசியின் பாதுகாப்பு எத்தனை நாளைக்கு?

மாணவர்களே, ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் வசிக்கும் பலருக்கு அக்காவோ சித்தியோ தாதியாக வேலை செய்யக்கூடும். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தால், கோவிட் காலத்தில் எத்தனை ஊசி போட்டுக்கொண்டார் என்று கேட்டுப் பாருங்கள்.

நம் நாட்டில் கோவிட் தடுப்பூசித் திட்டம் 24 பிப்ரவரி 2021 அன்று தொடங்கியது. முதல் வரிசையில் நின்றவர்கள் சுகாதாரப் பணியாளர்கள். ஃபைசர் தடுப்பூசியை மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை போட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஊக்கத் தடுப்பூசியும் தொடங்கிவிட்டது. அப்படியானால் முதல் இரண்டும் வீணா?

இல்லை. ஊசி போட்டதும் உடலில் உள்ள பி அணுக்கள் பெருகி, ஆன்டிபாடி எனும் எதிர்ப்பொருளை ஏராளமாகச் சுரக்கின்றன. ஆனால் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளில் பாதி, ஏறக்குறைய மூன்று வாரங்களில் சிதைந்துவிடும். அதைச் சுரக்கும் அணுக்களிலும் பெரும்பாலானவை விரைவில் மடிகின்றன. சில மட்டும் எலும்பு மஜ்ஜையில் தங்கித் தொடர்ந்து வேலை செய்கின்றன. ஆகவே, மாதங்கள் செல்லச் செல்ல எதிர்ப்பொருளின் அளவு குறைவது இயல்பே.

தோட்டத்துக் கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். அன்று தொண்டர்கள் எல்லாரும் வாசலில் நிற்பார்கள். திருவிழா முடிந்ததும் வீடு திரும்புவார்கள். ஆனால் அவர்களின் தொலைபேசி எண்கள் தலைவரிடம் இருக்கும், அழைத்தால் வந்துவிடுவார்கள். வாசலில் நிற்பவர்கள் எதிர்ப்பொருள்கள். வீட்டில் இருப்பவர்கள் நினைவு அணுக்கள். அவர்கள் வந்து சேரச் சில நாள்கள் ஆகும்.

அந்தச் சில நாள்கள் போதுமா என்பது கிருமியின் வேகத்தைப் பொறுத்தது. தாதியருக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியும் போடுகிறார்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்தினால் அந்தக் கிருமி பரவலாம். அது நோயாக வெளிப்பட இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதற்குள் நினைவு அணுக்கள் விழித்துவிடும். அதனால் முதலில் நன்கு பலன் பெற்ற ஆரோக்கியமானவர்களுக்கு, எதிர்ப்பொருள் குறைந்தாலும் மறு ஊசி தேவைப்படுவதில்லை.

கோவிட் கிருமி அப்படியல்ல. சில நாள்களிலேயே மூக்கிலும் தொண்டையிலும் பெருகிவிடும். தொண்டர்கள் வருவதற்குள் வாசலைத் தாண்டிவிடும். ஆனால் நோய் முற்றுவதற்குள் அவர்கள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

செப்டம்பர் 2021 நிலவரத்தை ஆராய்ந்த மலேசிய ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. ஜூலை, ஆகஸ்டில் ஃபைசர் ஊசிகளை முடித்தவர்களுக்குத் தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு சுமார் 91 விழுக்காடு. ஏப்ரல் முதல் ஜூன் வரை முடித்தவர்களுக்கு அது சுமார் 79 விழுக்காடு. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேரும் நிலைக்கு எதிரான பாதுகாப்போ பெரிதாகக் குறையவில்லை.

பிறகு ஏன் மூன்றாவது ஊசி? தாதியர் தினமும் நோயாளிகளின் அருகில் நிற்கிறார்கள். அவர்களுக்கு லேசான தொற்று வந்தாலும் வார்டில் இருக்கும் நோயாளிக்குப் பரவலாம். வேலை முடிந்து வீடு திரும்பினால் பாட்டிக்கும் பரவலாம். கிருமியும் டெல்டா, ஓமிக்ரோன் என்று உருமாறிக்கொண்டே வந்தது. அதனால்தான் வாசலுக்கு மறுபடியும் ஆள் தேவைப்பட்டது.

இது உங்களுக்கும் பொருந்தும். 15 வயதில், மூன்றாம் படிவத்தில், பள்ளியில் டெட்டனஸ் ஊசி போடுகிறார்கள். இந்த நோயை உண்டாக்கும் கிருமி மண்ணில் வாழ்கிறது. செம்பனை முள் குத்திய காயம் வழியாகவும் உடலுக்குள் நுழையலாம். அது சுரக்கும் நஞ்சு மிகச் சிறிய அளவிலேயே நரம்புகளைத் தாக்கும். அங்கே நினைவு அணுக்களை நம்பிக் காத்திருக்க முடியாது. எதிர்ப்பொருள் முன்பே இரத்தத்தில் இருக்க வேண்டும். குழந்தையாக இருந்தபோதும் 7 வயதிலும் போட்டது குறைந்துவரும் என்பதால்தான் 15இல் மறுபடியும் போடுகிறார்கள்.

அன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் தங்கிவிடாதீர்கள். ஊசி அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள். காலில் முள் ஏறிக் கிளினிக்குக்குப் போனால் மருத்துவர் கேட்கும் முக்கியக் கேள்வி இதுதான்: "கடைசியாக எப்போது ஊசி போட்டாய்?"