ஏழு சொற்களின் விலை



2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரத்து ‘றொக்கெற்ஸ்’ என்னுங் கூடைப்பந்தாட்டக் கழகத்தின் பொது முகாமையாளராயிருந்த டரில் மோரி, அந்நாளில் டுவிட்டர் என வழங்கிய இணையத்தளத்தில் ஒரு படத்தை வெளியிட்டார். விடுதலைக்காகப் போராடும்படியும் ஹொங்கொங் மக்களுக்குத் துணைநிற்கும்படியும் கூறும் சுலோகமொன்று அப்படத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் எண்ணினால் ஏழே சொற்கள். சந்தேக நபர்களைச் சீனப் பெருநிலத்துக்குக் கையளிக்க வழிசெய்யும் மசோதா ஒன்றை எதிர்த்து, அவ்வாண்டு யூன் மாதந் தொடக்கம் ஹொங்கொங் மக்கள் வீதிகளில் இறங்கியிருந்த காலம் அது. மோரி தமது பதிவைச் சிறிது நேரத்தில் நீக்கிவிட்டார். சீனத்துப் பொதுமக்களோ அத்தளத்தைப் பார்ப்பதற்கே தடை இருந்தது. ஆயினும் அவ்வேழு சொற்களுக்காக அமெரிக்காவின் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கம் கொடுத்த விலை கோடிக்கணக்கான டொலராயிற்று. பிறநாட்டுச் சந்தையின் இலாபத்துக்கும் மனித உரிமைக் கொள்கைக்கும் இடையில் ஒரு விளையாட்டுச் சங்கம் எவ்வாறு அகப்பட்டுக்கொள்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இதனிலுஞ் சிறந்த உதாரணம் கிடைத்தல் அரிது.

முதலில் நிகழ்ந்தவற்றைக் காண்போம். சில நாள்களுக்குள் சீனக் கூடைப்பந்தாட்டச் சங்கம் ஹூஸ்ரன் கழகத்துடனான தொடர்பை நிறுத்தியது. அச்சங்கத்தின் தலைவராக அப்பொழுது விளங்கியவர் யாவோ மிங். ஏழரை அடி உயரமுடைய இவர், 2002 முதல் 2011 வரை அதே ஹூஸ்ரன் கழகத்துக்காக ஆடிப் புகழ்பெற்றவர். சீனர்கள் பலர் அக்கழகத்தைத் தம் சொந்தக் கழகம்போலப் பாராட்டியதற்கு அவரே காரணம். ஆகையால், வேறெந்தக் கழகத்தவர் சொல்லியிருந்தாலும் இத்துணை உறைத்திராது. அரசாங்கத் தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்திற்று. அனுசரணையாளர்கள் ஒவ்வொருவராக விலகினர். ஹூஸ்ரன் கழகத்தின் பெயர் பொறித்த சட்டைகளும் பாதணிகளும் இணையக் கடைகளிலிருந்து மறைந்தன. அவ்வேளை லொஸ் ஏஞ்சலிஸ், புறூக்லின் ஆகிய இரு கழகங்கள் ஷங்காய் நகரத்தில் காட்சியாட்டத்துக்காக வந்து தங்கியிருந்தன. நகரத்துக் கட்டடங்களில் தொங்கிய விளம்பரப் பதாகைகள் கழற்றப்பட்டன. ஆட்டம் நடைபெற்றது, ஆனால் வீரர்கள் பத்திரிகையாளரைச் சந்திப்பது தடுக்கப்பட்டது.

இந்தச் சந்தை ஒரு நாளில் உண்டானதன்று. 1980களிலேயே சீன அரசாங்கத் தொலைக்காட்சிக்கு ஆட்டங்களின் படச்சுருள்களைக் கொடுத்து விதையூன்றினார், அச்சங்கத்தின் ஆணையாளராயிருந்த டேவிட் ஸ்டேர்ன். யாவோ மிங்கின் வருகையோடு பயிர் வளர்ந்தது. 2004இல் அமெரிக்கக் கழகங்கள் சீன மண்ணில் ஆடத் தொடங்கின. 2008இல் சீன வர்த்தகத்துக்கென்றே தனிக் கம்பெனி அமைந்தது. 2019 யூலையில், மோரியின் பதிவுக்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், டென்சென்ற் என்னுஞ் சீனக் கம்பெனி ஐந்தாண்டுகளுக்கான இணைய ஒளிபரப்பு உரிமையை 150 கோடி டொலருக்குப் பெற்றதாகச் செய்திகள் வெளிவந்தன. அறுவடைக் காலத்திலேயே புயல் வந்தது என்று சொல்லலாம்.

இனி, பலரும் கவனியாத ஒன்றைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன். இச்சங்கம் ஒரு முதலாளிக்குரிய கடையன்று. முப்பது கழகங்கள் கூடிய கூட்டு அது. பிறநாட்டு ஒளிபரப்பால் வரும் பணத்தை முப்பதும் பங்கிட்டுக்கொள்ளும். அதன்மேல், வீரர்களின் தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தப்படி, ஆட்டத்தால் வரும் வருமானத்தில் ஏறத்தாழச் சரிபாதி வீரர்களுக்குரியது. ஒரு கழகம் தன் வீரர்களுக்குச் சம்பளமாகக் கொடுக்கத்தக்க உச்சவரம்பும் அவ்வருமானத்தைக் கொண்டே ஆண்டுதோறுங் கணிக்கப்படும். 2019–20ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்வரம்பு ஒரு கழகத்துக்கு ஏறத்தாழ 10 கோடி 90 இலட்சம் டொலர். சீனப் பணம் குறைந்தால் அவ்வரம்பு தாழக்கூடும்; வரம்பு தாழ்ந்தால், சீனத்தை ஒருநாளுங் கண்டிராத இளம் வீரனுடைய அடுத்த ஒப்பந்தமுந் தாழும்.

இதன் பொருள் யாது? பேசியவர் ஒருவர்; இழப்போர் நானூறு பேருக்கு மேல். முதலாளிமாரின் பேராசை என்று மட்டும் சொல்லி இதனைத் தள்ளிவிடுவோர் பாதியையே காண்கின்றனர். உள்நாட்டில் நிறவெறிக்கு எதிராக அஞ்சாது பேசிப் பெயர்பெற்ற லெப்ரோன் ஜேம்ஸ் என்னும் பெருவீரர், மோரி விடயத்தை நன்கறியாது பேசிவிட்டார் என்றும், அதனாற் பலர் துன்புற நேர்ந்திருக்கும் என்றுங் கூறினார். பேச்சின் உள்ளடக்கத்தைப் பற்றியன்று, அதன் விளைவைப் பற்றியே தாம் கூறியதாகப் பின்னர் விளக்கமளித்தார். அவருக்குக் கண்டனம் பல திசைகளிலிருந்தும் வந்தது. ஹொங்கொங்கில் சிலர் அவர் பெயர் பொறித்த சட்டைகளைத் தீயிலிட்டனர். அவர் சொன்னது எனக்கு உடன்பாடன்று. ஆயினும் வருமானம் பங்கிடப்படும் முறையை அறிந்தவருக்கு அது வியப்பூட்டாது.

சங்கம் வெளியிட்ட முதலாவது அறிக்கையோ இன்னும் விசித்திரமானது. மோரியின் கருத்துச் சீன அன்பர்கள் பலரின் மனத்தைப் புண்படுத்தியது வருந்தத்தக்கது என்று ஆங்கில வாசகம் கூறிற்று. சீன மொழியில் வெளிவந்த வாசகமோ, அவருடைய தகாத கூற்றினால் தாம் மிகவும் ஏமாற்றமடைந்ததாகச் சொல்லிற்று. ஒரே நாளில், ஒரே நிறுவனம், இரு மொழிகளில் இரு மனங்களைக் காட்டிற்று. மொழிபெயர்ப்புத் தவறு என்று இதனை நான் கருதமாட்டேன். ஏனெனில், இரண்டு வாசகமும் தத்தம் வாசகரை நன்கறிந்தே எழுதப்பட்டவை.

அமெரிக்காவில் எதிர்ப்பு மூண்டது. எதனிலும் ஒத்துவராத இரு கட்சியினரும் ஒன்றாகக் கையொப்பமிட்டுக் கண்டனக் கடிதம் அனுப்பினர். ஒக்டோபர் 8ஆந் திகதி ஆணையாளர் அடம் சில்வர், தம் ஊழியரோ வீரரோ கழக உரிமையாளரோ எதனைப் பேசலாம், எதனைப் பேசலாகாது என வரையறுப்பது சங்கத்தின் வேலையன்று என்று அறிவித்தார். மோரியை வேலைநீக்கஞ் செய்யும்படி சீனத் தரப்பினர் கேட்டதாகவும், அதற்கு இடமே இல்லையெனத் தாம் மறுத்ததாகவும் பின்னர் வெளிப்படுத்தினார். அவ்வாறு கேட்கவில்லை என்று சீன வெளிவிவகார அமைச்சுச் சொல்லிற்று. 2020 பெப்ரவரியில் சில்வர் கணித்தபடி அப்பருவத்தின் இழப்பு 40 கோடி டொலருக்கு உட்பட்டது. நியாயமாகப் பேசுமிடத்து, இத்தொகையை இழந்தும் ஒருவரை வெளியே தள்ளாது நின்றது சிறிய காரியமன்று. மோரி ஓராண்டின் பின் ஹூஸ்ரனை விட்டுப் பிலடெல்பியாக் கழகத்துக்குச் சென்றார்.

அப்படியாயின் குறை எங்கே? 2016ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலம் ஒரு சட்டத்தை இயற்றிற்று. திருநர் பொதுக் கட்டடங்களிற் பிறப்புச் சான்றிதழிற் குறித்த பாலுக்குரிய கழிப்பறையையே பயன்படுத்த வேண்டுமென அது விதித்தது; நகரசபைகள் அத்தகையோருக்குப் பாதுகாப்பளிக்கும் விதிகளைச் செய்வதையுந் தடுத்தது. அம்மாநிலத்தின் சார்லற் நகரத்தில் 2017இல் நடைபெறவிருந்த நட்சத்திர வீரர் ஆட்டத்தை, அச்சட்டம் சங்கத்தின் விழுமியங்களுக்கு முரணானதென்று காட்டி, நியூ ஓர்லியன்ஸுக்கு மாற்றிவிட்டது இதே சங்கம். சட்டம் ஓரளவு திருத்தப்பட்ட பின்னரே, 2019இல், சார்லற்றுக்கு ஆட்டம் கிடைத்தது.

வட கரோலைனாவில் முழங்கிய குரல் ஷங்காயில் அடங்கியதேன் என்று கேட்போமானால், விடை கணக்கில் இருக்கின்றது. சார்லற்றைக் கைவிட்டால் நியூ ஓர்லியன்ஸ் உண்டு. அனுசரணையாளருட் பலர் அத்தீர்மானத்தை வரவேற்கவே செய்தனர். சீனத்தைக் கைவிட்டால் மற்றொரு சீனம் இல்லை. அதுமாத்திரமன்று; அங்கே தொலைக்காட்சி, வாணிபம், விளையாட்டுச் சங்கம், மைதானம் யாவற்றுக்கும் மேலே அரசு என்னும் ஒரே அதிகாரம் நிற்கின்றது. குளத்து மதகின் திறப்பு ஒருவர் கையில் இருக்கும்போது, வாய்க்கால் எத்தனை பிரிந்தாலும் வயல்காரனுக்குப் பயன் என்ன? வியாபாரி விற்கப்போன இடத்தில் வாய் திறவாதிருப்பதை உலகம் பெருங்குற்றமாகக் கொள்வதில்லை. தன் விழுமியங்களையே விளம்பரமாக்கிப் பொருளோடு சேர்த்து விற்றவனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

சிஞ்சியாங் மாகாணத்தில் இச்சங்கம் நடத்த உதவிய இளைஞர் பயிற்சிக்கூடத்தின் கதையும் இவ்வகையினதே. உய்குர் மக்கள் பெருந்தொகையாகத் தடுத்துவைக்கப்பட்டமை உலகறிந்த பின்னருஞ் சங்கம் சிறிது காலம் அங்கு இருந்தது. 2019 யூனில் ஓசையின்றி விலகிற்று. மூதவை உறுப்பினரொருவர் எழுத்தில் வினவிய பின்னரே, 2020 யூலையில், விலகிய செய்தி வெளியே தெரிந்தது.

இதற்கு மாறாக நடந்துகொண்ட ஒரு சங்கமும் உண்டு. விம்பிள்டனிலும் பிரான்சிலும் இரட்டையர் பட்டம் வென்ற சீன டெனிஸ் வீராங்கனை பெங் ஷுவாய், 2021 நவம்பர் 2ஆந் திகதி, முன்னாள் உதவிப் பிரதமர் ஒருவர் தம்மைப் பாலுறவுக்கு வற்புறுத்தியதாக இணையத்தில் எழுதினார். அரைமணி நேரமளவில் அப்பதிவு மறைந்தது. சில வாரம் அவரையும் வெளியிற் காண முடியவில்லை. மகளிர் டெனிஸ் சங்கத் தலைவர் ஸ்டீவ் சைமன், அவரைத் தனியே சந்திக்க வழியும் ஒளிவுமறைவற்ற விசாரணையும் கேட்டார். இரண்டுங் கிடைக்காமையால், டிசெம்பர் 1ஆந் திகதி, சீனத்திலும் ஹொங்கொங்கிலும் நடைபெறவிருந்த எல்லாப் போட்டிகளையும் நிறுத்திவைத்தார். 2019இல் மட்டும் அங்கு ஒன்பது போட்டிகள் நடைபெற்றிருந்தன. ஆண்டிறுதிப் போட்டியின் பரிசுத்தொகை 1 கோடி 40 இலட்சம் டொலர். இத்தகைய சந்தையை ஒரு பெண்ணின் பாதுகாப்புக்காக அச்சங்கம் விட்டெறிந்தது. தாம் எழுதியது தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டது என்று பெங் பின்னர் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைக்குக் கூறினார். அச்செவ்வியின்போது சீன ஒலிம்பிக் குழு அதிகாரியொருவர் அருகிலிருந்து மொழிபெயர்த்தார்.

ஆனால் ஆடவர் சங்கம் உடன்வரவில்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு பெங்குடன் காணொளியிற் பேசி, 2022 பெப்ரவரியில் பெய்ஜிங்கில் குளிர்கால விழாவை நடத்தி முடித்தது. தனித்து நின்ற மகளிர் சங்கம் 2023 ஏப்பிரலில் தன் தடையை நீக்கிற்று. கேட்டவை கிடைக்கப்போவதில்லை என்றும், வீராங்கனைகளும் போட்டி நடத்துவோரும் பெருவிலை கொடுக்கின்றனர் என்றும் சைமனே ஒப்புக்கொண்டார்.

தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சியை விளையாட்டுலகம் விலக்கிவைத்த காலத்தை இவ்விடத்திற் சிலர் நினைவூட்டுவர். 1974இல் டேவிஸ் கிண்ண இறுதியாட்டத்துக்குத் தகுதிபெற்ற இந்தியா, தென்னாபிரிக்காவுடன் ஆட மறுத்துக் கிண்ணத்தையே இழந்தது. சென்னையைச் சேர்ந்த அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய காலம் அது. 1982இல் அந்நாட்டுக்குச் சென்று ஆடிய இலங்கைக் கிரிக்கெற் வீரர்களுக்கு நமது கிரிக்கெற் சபை 25 ஆண்டுத் தடை விதித்தது. அது பின்னர் தளர்த்தப்பட்டது. எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. 1977இன் கிளெனீகிள்ஸ் உடன்படிக்கை பொதுநலவாய அரசுகள் கூடிச் செய்தது. சுமையை அரசுகள் ஏற்றன. தென்னாபிரிக்காவின் சந்தையுஞ் சிறிது. இன்று ஒவ்வொரு சங்கமுந் தனித்தனியே சீனத்தின் வாயிலில் நிற்கின்றது. ஒருவர் விலகிய இடத்தை மற்றவர் நிரப்ப ஆயத்தமாயிருக்கின்றார்.

ஆகையால் ஒரு சங்கம் செய்யக்கூடியது, பேரம் பேசும்போதே, அதாவது கையில் இன்னும் வலிமை இருக்கும்போதே, தன் உறுப்பினர் ஒருவரின் சொந்தப் பேச்சுக்காக ஒளிபரப்பை நிறுத்தினால் நட்டஈடு உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதுவித்தலே. இத்தகைய நிபந்தனைக்குச் சீனத் தரப்பு எளிதில் இணங்காது. இணங்காவிடின், விற்பது எவ்வளவு, கொடுப்பது எவ்வளவு என்பது கையொப்பமிடுமுன்னரே தெரிந்துவிடும். அதற்காகச் சந்தையை விட்டுவிட வேண்டுமென்பதில்லை.

கூடைப்பந்தாட்டச் சங்கம் வேறு வழியைத் தேர்ந்தது, பொறுத்திருந்தது. அரசாங்கத் தொலைக்காட்சி 2020 ஒக்டோபரில் ஓரிரு ஆட்டங்களைக் காட்டிற்று. 2022 மார்ச்சில் ஒழுங்காகக் காட்டத் தொடங்கிற்று. இடையில், 2021இல், பொஸ்ரன் கழக வீரர் ஒருவர் திபெத்தைப் பற்றிப் பேசியதும், அக்கழகத்தின் ஆட்டங்கள் சீன இணையத்திலிருந்து மறைந்தன. ஆறாண்டுகளின் பின், 2025 ஒக்டோபர் 10, 12ஆந் திகதிகளில், புறூக்லின், பீனிக்ஸ் கழகங்கள் மக்காவில் ஆடின. சீனத்தின் அலிபாபாக் கம்பெனியைத் தொடங்கியோருள் ஒருவரான ஜோ ட்சாய் என்பவரே புறூக்லின் கழகத்தின் உரிமையாளர். இடைப்பட்ட ஆண்டுகளில் ஹொங்கொங்கில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. மோரி வெளியிட்ட அச்சுலோகத்தை இன்று அங்குள்ள ஒருவர் உயர்த்திப் பிடிப்பது எளிதான காரியமன்று.