நெல் வயலும் மலேரியாக் கொசுவும்

வயலில் நீர் தேங்கினால் கொசு பெருகும், கொசு பெருகினால் மலேரியா வரும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இது முழு உண்மையன்று. எந்தக் கொசு, எந்த நீரில், பயிரின் எப்பருவத்தில் முட்டையிடுகிறது என்பதை அறிதல் வேண்டும். இதனைத் தமிழ்நாட்டு வயல்களிலேயே ஆராய்ந்தவர்களுள் ஒருவர் பூச்சியியல் அறிஞர் டி. ராமச்சந்திர ராவ்.

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்து, பட்டுக்கோட்டைப் பகுதிக்குப் புதிய பாசனம் கிடைத்தது. நீரைத் தொடர்ந்து மலேரியாவும் வந்தது. ராக்பெல்லர் அறநிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் பால் ரஸ்ஸல் அங்கு ஆராய்ச்சி நடத்தினார். ராவ் அவருடன் பணியாற்றினார். கிராமங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் குலிசிபேசீஸ் என்னும் கொசு, நீர்ப்பரப்புக்குச் சற்று மேலே பறந்தவாறே முட்டைகளை உதிர்ப்பது. நடவு செய்த புதிதில் வயல் திறந்து கிடப்பதால் அதற்குத் தடையில்லை. பயிர் சுமார் ஓர் அடி உயரம் வளர்ந்ததும் முட்டையிடுவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நிழல்தான் காரணமோ என்று இருவரும் ஆராய்ந்தனர். நிழலைக் காட்டிலும், நெருங்கி நிற்கும் தாள்கள் கொசுவின் பறத்தலைத் தடுப்பதே முக்கியக் காரணம் என்று 1942இல் வெளியிட்டனர்.

விவசாயிகளுக்கு இதன் பொருள் யாது? நடவை அடுத்த சில வாரங்களே வயலில் அபாயமான காலம். ஆனால் கசியும் வாய்க்கால், மண் வெட்டிய குழி, மதகடித் தேக்கம் ஆகியவற்றில் பயிரும் இல்லை, தடையும் இல்லை. பாசனம் குற்றவாளியன்று, சீர்கெட்ட பாசனமே குற்றவாளி என்பது ரஸ்ஸலின் முடிவு. பயிரைப் பழிப்பது எளிது. மதகைப் பழுது பார்ப்பதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை!

பின்னர் ராவ் பம்பாய் மாகாணம் சென்று, டாக்டர் டி. கே. விசுவநாதனுடன் கன்னட, தார்வார் ஜில்லாக்களின் கிராம வீடுகளில் டி.டி.டி. தெளிக்கும் திட்டத்தில் உழைத்தார். கொசுவைக் கற்றவர் அடுத்து, பூச்சிகளும் உண்ணிகளும் சுமக்கும் வைரஸ்களை நாடினார். 1952இல் புனேயில் தொடங்கப்பெற்ற வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும் விளங்கினார். 1957இல் மைசூர் ராஜ்யத்துக் காடுகளில் குரங்குகள் மடிந்தபோது, உண்ணி பரப்பும் கியாசனூர்க் காட்டு நோயைக் கண்டறிந்தது அந்நிலையமே. இந்தியாவின் அனாபிலஸ் கொசுக்களைப் பற்றிய அவரது பெருநூல் 1981இல் வெளியாயிற்று.

1947இல் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாயினர் என்பது அக்கால மதிப்பீடு. 1965இல் அது சுமார் 1 லட்சமாகக் குறைந்தது. வெற்றி நிலைக்கவில்லை. கொசு டி.டி.டி.க்குத் தாக்குப்பிடிக்கப் பழகிற்று, கண்காணிப்பும் தளர்ந்தது, 1976இல் 64 லட்சத்துக்கு மேல் ஏறிற்று.

இனி அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கம் வருவோம். ஏரிப் பாசனமும் நெல்லுமாக இருந்த இடங்களில் இன்று வீடுகள் எழுந்துள்ளன. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது; ஆவடி 2019இல் தானே மாநகராட்சியாயிற்று. வயல் குறைந்தமையால் மலேரியாவும் போய்விடுமென்று எண்ணலாகாது. சென்னையில் அந்நோயைப் பரப்புவது அனாபிலஸ் ஸ்டீபன்சி என்னும் வேறொரு கொசு. அது விரும்புவது கிணறும், மூடாத மேல்நிலைத் தொட்டியும், கட்டட வேலைக்குச் சேர்த்து வைத்த நீரும். இக்கொசுவைப் பற்றிய ஆய்வு அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்திலேயே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வளாகத்தில் நடைபெற்றுள்ளது.

தடுப்பூசி வந்துவிட்டதே எனச் சிலர் கேட்கக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒன்றையும், 2023இல் மற்றொன்றையும் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தது மெய்யே. இரண்டாவது நம் புனே நகரில் தயாராவது பெருமைக்குரியது. ஆயினும் இரண்டும் ஆப்பிரிக்காவில் மிகுதியாயுள்ள பால்சிபாரம் வகைக் கிருமிக்கே எதிரானவை. சென்னையில் பெரும்பாலும் காணப்படுவது வைவாக்ஸ் வகை. அதற்கு அவை காப்பாகா.

வைவாக்ஸ் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து, மாதங்கள் கழித்தும் காய்ச்சலை மீண்டும் எழுப்பும். ஆகவே இரத்தப் பரிசோதனையில் நோய் உறுதியானவர், காய்ச்சல் தணிந்ததும் நிறுத்திவிடாமல், பிரைமாகுயின் மாத்திரையை வைத்தியர் சொற்படி 14 நாளும் உட்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கும் அது கொடுக்கப்படுவதில்லை. கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகிறது. பஞ்சாயத்துத் தொட்டிகளுக்கு இறுக்கமான மூடியிடுதல், சிறு தொட்டிகளை வாரம் ஒருமுறை வடித்துக் காயவிடுதல், பயன்படாத கிணறுகளில் கம்பூசியா மீன் விடுதல் ஆகிய வேலைகளை அந்தக் கணக்கை வைத்தே வகுத்துக்கொள்ளலாம்.