பெற்றோர் பொறுப்பு நீக்கம் (இங்கிலாந்து, வேல்ஸ்)

பெற்றோர் பொறுப்பு நீக்கம் என்பது, தம் குழந்தையைப் பற்றி முடிவெடுக்கப் பெற்றோர் ஒருவருக்குச் சட்டம் அளித்துள்ள அதிகாரத்தை நீதிமன்றம் திரும்பப் பெறுவதாகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு அடிப்படை 1989 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம். எந்தப் பள்ளியில் சேர்ப்பது, அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் தருவது, பெயரை மாற்றுவது, வெளிநாட்டிற்கு அழைத்துச் செல்வது போன்றவை இப்பொறுப்பில் அடங்கும். முந்தைய சட்டங்கள் பெற்றோரின் உரிமைகளையும் கடமைகளையும் பற்றிப் பேசின. 'பொறுப்பு' என்ற சொல்லை மையமாக்கியது 1989 ஆம் ஆண்டுச் சட்டமே.

தாய்க்கு இப்பொறுப்பு பிறப்பிலேயே கிடைக்கிறது. தாயை மணந்திருக்கும் தந்தைக்கும் அவ்வாறே. மணமாகாத தந்தை அதைப் பெற்றாக வேண்டும். பிறப்புப் பதிவில் தாயுடன் சேர்ந்து தன் பெயரையும் பதிவு செய்யலாம் (இவ்வழி 2003 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது). தாயுடன் முறைப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். நீதிமன்ற ஆணையும் பெறலாம்.

பொறுப்பு எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்தே அதை நீக்க முடியுமா என்பதும் அமைகிறது. சட்டத்தின் 4 ஆம் பிரிவின் கீழ் பொறுப்பைப் பெற்ற மணமாகாத தந்தையிடமிருந்து நீதிமன்றம் அதை நீக்கலாம். பெற்றோர் பொறுப்பு உள்ள எவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். விவரம் அறிந்த குழந்தையும், நீதிமன்ற அனுமதியுடன், தானே விண்ணப்பிக்கலாம். ஆனால் தாயிடமிருந்தோ மணமான தந்தையிடமிருந்தோ இவ்வாறு நீக்க வழியில்லை. குற்றம் ஒன்றே ஆனாலும், திருமணப் பதிவு இருந்ததா என்பதைக் கொண்டு முடிவு மாறுகிறது. இது பாகுபாடு என்று வாதிடப்பட்டும் நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. குழந்தையின் பக்கமிருந்து பார்த்தால் இந்த வேறுபாட்டிற்கு நியாயம் காண்பது கடினம்.

இவ்வாறு நீக்குவது அரிது. தாயும் தந்தையும் ஓயாமல் சண்டையிடுவதோ, தந்தை குழந்தையைப் பார்க்க வராததோ மட்டும் போதாது. 1995 இல் வெளியான ஒரு தீர்ப்பில், கைக்குழந்தைக்குக் கடுமையான காயம் விளைவித்த தந்தையின் பொறுப்பு நீக்கப்பட்டது. பின்னர் ஒரு வழக்கில், தாயின் முந்தைய உறவில் பிறந்த பெண்களிடம் பாலியல் குற்றம் புரிந்து தண்டனை பெற்ற தந்தையின் பொறுப்பு நீக்கப்பட்டது. அவர் மேல்முறையீடு செய்தார். 2014 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. தந்தையின் ஈடுபாடும் பாசப்பிணைப்பும் கருதத்தக்கவையே என்றாலும், குழந்தையின் நலனே முதன்மையானது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

மணமான தந்தை ஆபத்தானவராக இருந்தால், அவர் தம் பொறுப்பைப் பயன்படுத்தாதபடி நீதிமன்றம் தடை ஆணைகள் பிறப்பிக்கலாம். அப்போது பொறுப்பு பெயரளவில் அவரிடமே இருக்கும். செயலளவில் ஒன்றும் இருக்காது. குழந்தையை உள்ளாட்சி மன்றத்தின் பராமரிப்பில் ஒப்படைக்கும் ஆணையும் பெற்றோரின் பொறுப்பைப் பறிப்பதில்லை. மன்றமும் பொறுப்பைப் பெறுகிறது, பெற்றோர் அதை எந்த அளவிற்குப் பயன்படுத்தலாம் என்பதையும் அதுவே வரையறுக்கலாம். தத்தெடுப்பு ஆணை இவற்றிலிருந்து வேறானது. அது பெற்ற தாய் தந்தை இருவரின் பொறுப்பையும், மணமானவரா என்று பாராமல், முற்றாக முடித்துவைக்கிறது. குழந்தையின் நலன் அதைக் கோரினால் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமலும் நீதிமன்றம் அதைப் பிறப்பிக்கலாம். எனினும் வேறு எதுவும் பயன்தராத நிலையில்தான் இவ்வழியை நாடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 இல் வலியுறுத்தியது.

பெற்றோரில் ஒருவர் மற்றவரைக் கொலை செய்தால்? சிறையிலிருந்தபடியே குழந்தையின் பள்ளி, மருத்துவம், பயணம் பற்றி அவர் கருத்துச் சொல்ல முடிந்தது. கொல்லப்பட்டவரின் குடும்பத்தார் ஒவ்வொன்றுக்கும் அவருடன் போராட வேண்டியிருந்தது. 2024 ஆம் ஆண்டின் பாதிக்கப்பட்டோர் மற்றும் சிறைக்கைதிகள் சட்டம் இதற்கு விடை தேடியது. அதன்படி, தண்டனை விதிக்கும் கிரௌன் நீதிமன்றமே அவர் பொறுப்பைப் பயன்படுத்தத் தடை விதிக்க வேண்டும். பின்னர் குடும்ப நீதிமன்றம் அத்தடையை மறுஆய்வு செய்யும். இதுவும் கட்டுப்பாடே தவிர, நீக்கம் அன்று.

பொறுப்பு நீக்கப்பட்ட தந்தை, தந்தை என்ற உறவை இழப்பதில்லை. குழந்தைக்கான பராமரிப்புத் தொகையை அவர் தொடர்ந்து செலுத்த வேண்டும். அவர் சொத்தில் குழந்தைக்குள்ள வாரிசுரிமையும் மாறாது.