திரையும் திருட்டும் - 14
சாமி போட்ட மாறுவேடம்

கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982இல் களவு போனதையும், 2019 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து திரும்பியதையும் போன வாரமே எழுதியாகிவிட்டது. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். இந்த வாரத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தது, மாறுவேடப் போலீஸ்.

மாறுவேடம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 'காக்கி சட்டை' (1985) கமல். கடத்தல் கும்பலுக்குள்ளேயே ஆளாக நுழைவார். எதிரே 'தகடு தகடு' சத்யராஜ். திருநெல்வேலியில் நடக்கும் 'சாமி'யில் (2003) ஆறுச்சாமி, பெருமாள் பிச்சையிடம் பணம் வாங்கிக்கொண்டே காரியம் பார்ப்பார். அதுவும் வேஷம்தான். நிஜத்தில் நம் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்காரர்கள் போடுவது பணக்கார வேஷம். சிலை வாங்க வந்த பெரிய பார்ட்டியாகப் போய் உட்கார்ந்து, சரக்கைக் காட்டச் சொல்லி, காட்டியதும் பிடிப்பார்கள்.

இவர்களைப் பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் பென் ஹெல்லர் வந்து கெடுத்துவிட்டார்.

ஹெல்லர் நியூயார்க்கில் துணி வியாபாரம் செய்தவர். நவீன ஓவியப் பித்து. ஜாக்சன் பொல்லாக் கேன்வாஸைத் தரையில் விரித்துச் சாயத்தைச் சொட்டவிட்டு வரைந்தாரே, அந்த வகை ஓவியங்களை ஊர் சிரித்த காலத்திலேயே வாங்கி வீட்டில் மாட்டியவர். பொல்லாக்கின் 'ப்ளூ போல்ஸ்' 1973இல் அவரிடமிருந்துதான் ஆஸ்திரேலிய தேசிய காட்சியகத்துக்குப் போனது. விலை 13 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். பிரதமர் விட்லமே ஒப்புதல் கொடுக்க வேண்டியிருந்தது. 'இந்தக் கிறுக்கலுக்கா மக்கள் பணம்?' என்று அங்கே பெரிய ரகளை.

அதே 1973இல், அதே ஹெல்லர் இன்னொன்றையும் விற்றார். 9 லட்சம் அமெரிக்க டாலருக்கு, கலிஃபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளைக்கு. கும்பகோணம் பக்கத்துச் சிவபுரம் நடராஜர்! படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பொல்லாக்கும் நம் சாமியும் ஒரே ஆளின் கைவழியே போயிருக்கிறார்கள்.

சிவபுரத்துச் சிலை 1951இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் அச்சு அசலாக ஒரு நகல் வார்க்கப்பட்டது. நகல் கோயிலுக்கு, அசல் கடலுக்கு அப்பால். நகலுக்கே பூசை நடந்தது. 1965இல் பிரிட்டிஷ் மியூசியத்து டக்ளஸ் பாரெட் தம் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் குட்டு உடைந்தது. இந்திய அரசு வழக்குப் போட்டு, சமரசமாகி, 1986இல் அசல் திரும்பியது. அந்த நகலை வார்த்தவர் சாமானிய ஆளில்லை என்பது என் கட்சி. பொல்லாக்கின் கையெழுத்துக்கு விலை ஏறியது. இவர் கையெழுத்தே போட முடியாத கலைஞர்.

அசல்கள் கப்பலேறுவதும் வேஷத்தில்தான். நூறாண்டு தாண்டிய சிலையை வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டம் விடாது. எனவே காகிதத்தில் 'புதிய கைவினைப் பொருள்'. சோழர் காலத்து வார்ப்பெல்லாம் நேற்று வார்த்த அலங்காரச் சாமானாக நடித்துத் துறைமுகம் தாண்டின. ஆக, இந்தக் கதையில் போலீஸை முந்திக்கொண்டு மாறுவேடம் போட்டது சாமி!

அந்த வேஷத்தைக் கலைக்கத் துப்பாக்கி உதவாது, பழைய போட்டோ உதவும். கல்லிடைக்குறிச்சி நடராஜரை அடையாளம் காட்டியது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1958இல் எடுத்து வைத்திருந்த படம். அருவாளும் சேஸிங்கும் இல்லாததால் இதை யாரும் சினிமாவாக எடுக்க மாட்டார்கள்.

போலீஸ் வேஷங்கள் அடுத்த வாரம், நிச்சயம். அதற்குள் ஒரு வேலை: அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பிரம்மதேசம் பக்கத்து வாசகர்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களைப் புரட்டுங்கள். திருவிழாப் படத்திலோ கல்யாணப் படத்திலோ ஊர்க்கோயில் உற்சவர் தெளிவாக விழுந்திருந்தால், எடுத்த வருஷத்தைப் பின்னால் குறித்து, கோயிலில் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

(தொடரும்)