சாந்தில்லாக் கற்கட்டும் தோட்டத்து மண்படிகளும்

சுண்ணாம்போ சிமெண்டோ சேர்க்காமல், கல்லின் எடையையும் ஒன்றோடொன்று பொருந்தும் முகங்களையுமே நம்பி எழுப்பப்படும் சுவர் சாந்தில்லாக் கற்கட்டு ஆகும். இதைக் கட்டும் அறிவையும் கைத்திறனையும் கிரீஸ், இத்தாலி, பிரான்சு உள்ளிட்ட 8 நாடுகளின் மரபாக யுனெஸ்கோ 2018இல் தன் பட்டியலில் சேர்த்தது. அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் உரிய மதிப்பு, உழவரின் வேலிச்சுவருக்கும் அதன்மூலம் கிடைத்தது.

அடியில் பெருங்கற்களை அகலமாகப் பரப்பி, உயர உயரச் சுவரை ஒடுக்கிக்கொண்டே போவதும், கீழ்வரிசையில் இரு கற்கள் சேரும் இடத்தின்மேல் ஒரு கல்லை அமர்த்துவதும், இடுக்குகளில் சில்லுக்கற்களைச் செருகி இறுக்குவதும் இக்கட்டுமானத்தின் அடிப்படை விதிகள். மழைநீர் இடுக்குகளின் வழியே கசிந்து வெளியேறுவதால் சுவரின் பின்னே நீர் தேங்கி அழுத்துவதில்லை. ஓரிடம் சரிந்தாலும் விழுந்த கற்களையே மீண்டும் அடுக்கிவிடலாம்.

இலங்கை மலையகத்தின் தேயிலைச் சரிவுகளில் இத்தகைய கற்கட்டுகளை எழுப்பியவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள். மலேசியாவின் சிரம்பானைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணி முறையில், அதாவது மேற்பார்வையாளரே ஊருக்குப் போய் உறவினரையும் ஊராரையும் திரட்டிவரும் முறையில் வந்தவர்களோ, குன்றுகளை மண்படிகளாக வெட்டினர். மழை அடித்துவரும் மண்ணைப் பிடிக்க வண்டல் குழிகளும் தோண்டினர். புல்பூண்டே இல்லாமல் களையெடுத்த தொடக்ககால வழக்கத்தால் மேல்மண் கரைந்தோடியதைக் கண்ட பிறகே, தோட்ட நிர்வாகங்கள் இவ்வேலைகளில் கூடுதல் கவனம் செலுத்தின. மலையகத்துக் கல்லும் சிரம்பான் மண்ணும் செய்த பணி ஒன்றே.

பழைய கற்களைப் பேணும் வழக்கம் மலேசியாவிலும் உண்டு: போர்ட்டிக்சன் மாவட்டத்தின் பெங்காலான் கெம்பாசில் நாட்டப்பட்ட பெருங்கற்களும், அவற்றின் அருகிலுள்ள 15ஆம் நூற்றாண்டின் ஷேக் அகமட் மஜ்னுன் கல்லறையும் வரலாற்றுத் தலமாகப் பேணப்படுகின்றன. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் கட்டடங்களோடு நில்லாமல், கைத்திறன் போன்ற தொட்டுணர இயலாத மரபுகளையும் ஏற்கிறது. எனினும், தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறும்போது கோயிலுக்காகவும் தமிழ்ப்பள்ளிக்காகவும் எழும் குரல், அவை நின்ற நிலத்தையே உருவாக்கிய படிகளுக்காக எழுவதில்லை.

எல்லாவற்றையும் காப்பது இயலாது. ஆனால் மண்வாரி இயந்திரம் நுழையுமுன் எஞ்சிய படிகளை அளந்து, படமெடுத்து, வெட்டிய முறையை மூத்தோரிடம் கேட்டுப் பதிவுசெய்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது. தோட்டத்துச் சங்கங்களும் பள்ளிகளும் இப்பணியை இப்போதே தொடங்க வேண்டும்.