சிந்தாமணி முதல் செம்பூர் வரை: சொந்தச் செலவில் நூல் போடுவோர் கவனத்திற்கு

மும்பையில் நம்மவர்கள் சொந்தச் செலவில் நூல் போடுவது புதிய சங்கதி அல்ல. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், ரயில்வேயில் இருந்தவர், பள்ளி ஆசிரியை, என்னைப் போன்ற பாத்திரக் கடைக்காரர் எனப் பலரும் சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்து, சென்னையிலோ சிவகாசியிலோ அச்சடித்து, பார்சலில் வரவழைத்து விடுகிறோம். விழாவும் நடக்கிறது. பொன்னாடை, வாழ்த்துரை, சிற்றுண்டி எல்லாம் முடிந்த மறுநாள் புத்தகக் கட்டுகள் கட்டிலுக்கு அடியில் போகின்றன. தாராவியில் ஓர் அறை வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருப்பதும் இடம்தானே! நாலு மாதத்தில் வீட்டு அம்மாள் கேட்க ஆரம்பித்து விடுவார். "எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்பினேன், ஒருத்தரும் ஒரு வரி போடவில்லை" என்பது நமது வழக்கமான பதில்.

அந்த ஒரு வரி வருவது எப்படி என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

முதலில் ஒரு பழைய வரலாற்றைப் பார்ப்போம். 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியரான உ.வே.சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார் என்பதை நாம் அறிவோம். ஐயர் அதன் பிறகே அந்நூலில் இறங்கினார். எங்கள் சமயச் சொற்கள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் சென்னைத் திராவிட ரத்நாகர அச்சுக்கூடத்தில் நூல் அச்சாகி வெளிவந்தது. இதுவரை எல்லாரும் சொல்வதுதான். எனக்கு, ஒரு வியாபாரி என்ற முறையில், முக்கியமாகப் படுவது வேறு. அந்த நூலுக்குப் பின்னால் எந்தப் பதிப்பகமும் இல்லை. முதல் போடும் முதலாளியும் இல்லை. அச்சாவதற்கு முன்பே, "வெளிவந்தால் வாங்கிக்கொள்கிறேன்" என்று பலரிடம் கையொப்பம் வாங்கினார்கள். இராமசாமி முதலியார் சென்னைக்குப் போன பிறகு, அங்குள்ள பிரமுகர்களிடம் ஐயரை அழைத்துப் போய் அறிமுகம் செய்தார். ஒவ்வொருவரிடமும் இன்ன நூல், இதுவரை அச்சாகாதது, இதில் இன்ன விசேஷம் என்று வாயால் சொல்ல வேண்டியிருந்தது. இன்று நாம் பத்திரிகைக்கு எழுதும் கடிதத்தின் வேலையும் அதுவேதான்.

இன்னொன்றும் செய்தார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களை அப்படியே தூக்கிக் கையில் கொடுக்காமல், சீவகன் கதையை உரைநடையில் சுருக்கி எழுதியும், நூலாசிரியர், உரையாசிரியர் வரலாற்றை எழுதியும் சேர்த்தார். பாட்டு புரியாதவனும் நூல் எதைப் பற்றியது என்று சொல்லிவிடலாம். மதிப்புரை எழுதுபவருக்கு இதைவிட உபகாரம் வேறில்லை.

பத்திரிகை அலுவலகத்தில் நடப்பது என்ன? மதிப்புரைக்கென்று வரும் நூல்கள் மேசையில் குவிகின்றன. பெரும்பாலும் இரண்டு பிரதிகள் கேட்பார்கள். ஒன்று எழுதுபவருக்கு, மற்றது அலுவலகத்துக்கு. ஒரே பிரதி போனால் பல இடங்களில் அதோடு சரி. இடம் கிடைக்காதவை 'வரப்பெற்றோம்' பகுதியில் பெயர், விலை, முகவரியோடு வந்துவிடும். அதையும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். முகவரி இருப்பதால் ஊரிலிருந்து போன் வரும். ஆனால் மதிப்புரைப் பக்கம் பத்திரிகையின் ஒரு மூலைதான். மற்றப் பக்கங்கள் அத்தனையும் செய்திக்காகக் காத்திருக்கின்றன. நமது நூல் அவர்களுக்குச் செய்தி அல்ல. நூலுக்குள் இருப்பதுதான் செய்தி. அது எந்தப் பக்கத்துக்கு உரியது என்று கண்டுபிடிக்க வேண்டியவர் எழுதியவரே.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். சிந்தாமணியில் வணிகர் என்று ஒரு சிறு நூலை 300 பிரதி போட்டேன். அரசகுமாரனான சீவகன் கந்துக்கடன் என்ற வணிகன் வீட்டில்தான் வளர்கிறான். சீதத்தன் என்ற வணிகன் பொருள் தேடிக் கப்பலேறுகிறான். இலக்கிய இதழ்களுக்கும் அனுப்பினேன், வணிகர் சங்க இதழ் ஒன்றுக்கும் அனுப்பினேன். இலக்கிய இதழ்களில் ஒன்றில் 'வரப்பெற்றோம்'. வணிகர் இதழில் அரைப் பக்கம்! "கப்பல் முழுகினாலும் கலங்காத வியாபாரி" என்று அவர்களாகவே தலைப்புப் போட்டுக்கொண்டார்கள். அந்த அரைப் பக்கத்தால் போன பிரதிகள்தான் அதிகம். காப்பியம் என்ற பெயரைக் கேட்டாலே ஓடுகிறவர்கள் வாங்கினார்கள் என்பது எனக்குப் பெரிய திருப்தி.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. "மும்பைவாழ் தமிழறிஞர் இன்னார் எழுதிய அரிய நூல்" என்று தொடங்கினால் யார் படிப்பார்? அரிய நூல் என்று மற்றவர் சொல்ல வேண்டும். தாராவி 90 அடி சாலையைப் பற்றி எழுதியிருந்தால், அங்கே முன்பு என்ன இருந்தது, அதற்கு உங்களிடம் உள்ள பழைய போட்டோ எது என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். போட்டோவை மறக்காமல் தெளிவாக அனுப்புங்கள். அட்டைப் படமும் உங்கள் போன் நம்பரும் விலையும் அதே கடிதத்தில் இருக்கட்டும். பெயர் தெரியாத "ஆசிரியர் அவர்களுக்கு" அனுப்புவதைவிட, அந்தப் பகுதியைப் பொறுப்பாகப் பார்ப்பவர் யார் என்று போனில் விசாரித்து அவர் பெயருக்கே அனுப்புவது நல்லது. விழாவுக்கு முதல் நாள் அனுப்பிவிட்டு மறுநாள் எதிர்பார்ப்பது கல்யாணத்தன்று பத்திரிகை வைப்பது போல.

ஊர்ப் பத்திரிகையோடு நிற்கவும் வேண்டாம். நமது பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேசத்தான் வருகிறது. அவர்கள் கையில் இருப்பது ஆங்கிலமோ மராத்தியோதான். சமணப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் நீலகேசியைப் பதிப்பித்தபோது நீண்ட ஆங்கில முன்னுரை சேர்த்தார். தமிழ் அறியாத தத்துவ ஆசிரியர்களும் நுழைவதற்கு அது வாசலாயிற்று. நாமும் தமிழ் நூலுக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சுருக்கம், முடிந்தால் மராத்தியில் ஒன்று எழுதி வைக்கலாம். குறளைப் பற்றி எழுதியிருந்தால் மராத்தி நிருபரிடம் சானே குருஜியின் பெயரிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். குறளை மராத்தியில் தந்தவர் அவர். அங்கே நாம் அந்நியர் அல்லர்.

சில இடங்களில் "அரைப் பக்கம் விளம்பரம் கொடுங்கள், மதிப்புரை வரும்" என்பார்கள். என்னிடமும் ஓர் இதழில் கேட்டார்கள். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். விளம்பரம் தருவதென்றால் விளம்பரமாகவே தரலாம், அதில் வெட்கமில்லை. காசு வாங்கிக்கொண்டு எழுதிய புகழ் படிப்பவனுக்கு வாடை அடித்துவிடும்.

எதிராக எழுதினால்? சிந்தாமணிப் பதிப்பைக் கண்டித்தும் துண்டுப் பிரசுரங்கள் வந்தன. பதில் எழுத முனைந்த ஐயரைக் கல்லூரி நண்பர் சாது சேஷையர் தடுத்து, அந்த நேரத்தில் அடுத்த நூலைக் கவனிக்கச் சொன்னார். 1889இல் பத்துப்பாட்டு வந்தது. கண்டனத்தில் உண்மையான பிழை ஏதாவது சுட்டியிருந்தால் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த பதிப்பில் திருத்தலாம், அவ்வளவுதான்.

கடைசியாக, பத்திரிகைக்குப் போகும் பிரதிகளை எண்ணும்போதே வேறு நான்கையும் ஒதுக்கி வையுங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா, நமது மும்பை மத்திய நூலகம், டெல்லிப் பொது நூலகம் ஆகிய நான்குக்கும் வெளியீட்டாளர் தம் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். சொந்தச் செலவில் போடுகிறவர்தான் இங்கே வெளியீட்டாளர். ஐ.எஸ்.பி.என். எண்ணும் மத்திய அரசு இலவசமாகவே தருகிறது. அச்சுக்குப் போகும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஏடுகளைத் தேடி ஐயர் ஊர் ஊராக அலைந்தார்; நமது நூலை நாளை ஒருவர் தேடினால் கன்னிமாராவில் கேட்டால் போதும். மும்பைப் பிரதியைத் தபாலில் அனுப்பாமல் கோட்டைப் பக்கம் போகும் நாளில் நேரிலேயே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.